அக்கோடியனைத் திருப்பி வாங்கிய அன்று

திருகோணமலை
12.6.1971

என் மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கலியாணத்துக்கு வரும்போது நான் பாட்டுக்காரி என்று பெண் வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கோபம் ஒன்றுமில்லை. இங்கே மழை இல்லை.

அதைப் படித்துவிட்டு, நேற்று என் அக்கோடியன் வாத்தியத்தை மாதா கோவிலுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இருக்க முடியவில்லை. அலுமாரியை இரண்டு முறை அடுக்கினேன். குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வெள்ளைக்காரக் கடற்படையின் நடன விருந்துகளில் வாசித்தவள் நான். அவர்கள் போன பிறகு துறைமுக வேலைநிறுத்தத்துக்குப் பாட்டுக் கட்டினேன். அவற்றைப் பொலிசுக்குத் தெரியாமல் வீடு வீடாகப் போய்ப் பாடினோம். வானொலிக்காரர் சொற்களை மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. பிறகு கலியாண வீடுகளில் பாடித்தான் உன்னைப் படிக்கவைத்தேன். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே.

இன்று விடிந்ததும் பங்குச் சுவாமியாரிடம் ஓடினேன்.

"சுவாமி, அக்கோடியனைத் திருப்பித் தாங்கோ."

"நேற்றுத்தானே தந்தனீங்கள்?"

"ஓம் சுவாமி. அது இல்லாமல் எனக்கு ஏலாமக் கிடக்கு."

அவர் உள்ளே போய் எடுத்துத் தந்தார்.

உன் கலியாணத்தில் வாசிக்க மாட்டேன். ஆனால் உன் மாமியார் கேட்டால், பாட்டுக்காரி என்றுதான் சொல்லுவேன். அது சரிவராது என்றால், வரவேண்டாம் என்று தந்தி அடி.

இதைத் தபாலில் போட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் பாடப் போகிறேன். அங்கிருந்து நேரே உன்னிடம் வருவேன். தந்தி வந்தால் வாங்க வீட்டில் ஆள் இருக்காது.

உன்னைப் பெற்றவள்