ஏழு வீட்டுப் பூச்சு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் தினம் ஒரு புகார் சொல்கிறது. நகர்மன்றத் தலைவராக உட்கார்ந்த நாள் முதல் எனக்கும் புகார் கேட்பதுதான் பிழைப்பு.

நேற்று பதிவு அலுவலகத்திலிருந்து பேசினார்கள். படகில் தண்ணீர் ஏறாமல் நம் தெருவில் பூசுகிற பூச்சுக்கு உன் பெயரில் காப்புரிமை கேட்டு மனு போட்டிருக்கிறாயாமே? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழு வீடும் ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து பொது முற்றத்தில் கலக்கிற பூச்சு அது. அடுத்த வீட்டுக் கிண்ணத்தில் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்டதில்லை. உனக்கு மட்டும் எப்படி முழுசும் தெரிந்தது?

அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வேலை செய்யும் பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு டப்பா கொடுத்தேன். ஏழு பொருளையும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். வேறொரு கம்பெனிக்காரன் இதை மோப்பம் பிடித்துத் திரிகிறான். அதனால் முந்திக்கொண்டேன். யாரோ ஒருவனிடம் போவதற்கு நம் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கட்டுமே. அம்மாவுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். கோபப்படாதே.

உன் தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு,

உன்னை நம்புகிறேன். உனக்குப் பிறகு? உன் பிள்ளைகளுக்கு நம் தெரு எந்தப் பக்கம் என்றே தெரியாது. நாளைக்கு அவர்கள் விற்றுவிட்டால், தங்கள் முற்றத்தில் கலக்க ஏழு வீட்டாரும் எவனிடமோ அனுமதி கேட்டு நிற்க வேண்டும். தெருவுக்குப் பொதுவான அறிவை மக்கள் சார்பில் நகர்மன்றமே பதிவு செய்ய சட்டம் இடம் தருகிறது. அப்படிப் பதிந்தால் யாராலும் விற்க முடியாது. மன்றம் உன்மேல் ஆட்சேபம் போடுவதற்குள் நீயே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 4

அக்கா,

வக்கீலைக் கேட்டேன். தெருவில் பிறந்த எல்லோரும் உரிமையாளர் என்றால் நானும் உரிமையாளன்தான். என் பெயரில் பதிய எனக்குத் தடையில்லையாம். மனுவைத் திரும்பப் பெறமாட்டேன். நம் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி

மார்ச் 30

தம்பி,

நேற்று மன்றம் கூடியது. பூச்சைத் தெருவுக்குப் பொதுவாகப் பதியும் தீர்மானத்தில், தனிப்பெயரில் பதிய முயல்பவர் பொது உரிமையை இழப்பார் என்று ஒரு வரி சேர்த்தால்தான் உன் வக்கீலின் வாய் அடைபடும் என்றார்கள். உறுப்பினரான எதிர்வீட்டு மாமா எழுந்து, "நம்ம புள்ளைய நாமளே வெளிய தள்ளுறதா?" என்றார். கை தூக்கியபோது இரு பக்கமும் சரிசமம். அப்படி வந்தால் தலைவர் ஓட்டுத்தான் முடிவு. எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த வரிக்கு நான் கை தூக்கினேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிப்பறைக்குள் போய் அழுதேன். அம்மாவிடம் நானே சொன்னேன். "அவன் இனிமே வருவானா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

வா. உன் அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறோம், எடுத்துவிடுகிறேன். பூச்சு கலக்கிற நாளில் மட்டும் நம் வீட்டுக் கிண்ணத்தோடு நான் முற்றத்துக்குப் போவேன். நீ வாசலோடு நின்றுகொள்.

அக்கா