பள்ளத்தில் மட்டும் எழுந்த முள்

தகவல் வந்தபோது மதியம் மூன்று நாற்பது. தோல் தொழிற்சாலையில் டிரம் மோட்டாருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். உன் தம்பி கேட் அருகே வந்து நின்றான். "அக்கா போயிடுச்சு மாமா" என்றான். அன்று காலையில்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஜுரம் எறங்கிடுச்சுங்க, டியூட்டிக்குப் போங்க. இங்க நின்னு இன்னா பண்ணப் போறீங்க?" என்று என்னைத் துரத்தினாய்.

இப்போது என் கை முழுக்க டீசல் வாடை. சோப்பு போட்டும் போகவில்லை. நம் பிக்கப்பை விற்கலாம் என்று பேசியிருந்தேன். உன் வீட்டுத் தறியில் நெய்த லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு நீ ஓட்டிய வண்டி. நீ போன பிறகு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உன் தம்பிக்கு ஓட்டத் தெரியாது, எனக்கு மனசில்லை. போன வாரம் ஆம்பூரிலிருந்து ஒரு பாய் பார்க்க வந்தார். சாவியைத் திருப்பினார். டீசல் அளவு காட்டும் முள் வழக்கம்போலப் படுத்தே கிடந்தது.

"இன்னா தம்பி, டேங்க் காலியா?"

"பாதிக்கு மேல இருக்கு பாய். முள்ளுதான் எழுந்துக்காது."

"கம்பெனி மிஷினெல்லாம் நீதான் பாக்கறன்னு சொன்னாங்க. சொந்த வண்டிய இப்படி வெச்சிருக்கியே! முள்ள சரி பண்ணிட்டு போன் போடு, அன்னிக்கே எடுத்துக்கறேன்."

நீயும் இதையேதான் சொல்வாய். "ஊரு மிஷினுக்கெல்லாம் டாக்டரு. நம்ம வண்டிக்கு மட்டும் ஞாயித்துக்கெழமகூட வர மாட்டாரு." சொல்லிவிட்டு டேங்கை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவாய். சத்தம் மாறும் இடம்தான் உனக்கு அளவு. ஒருநாள்கூட வண்டி வழியில் நின்றதில்லை. பேரணாம்பட்டு ரோட்டில் பள்ளத்தில் இறங்கினால் முள் துள்ளி எழும், உடனே படுத்துவிடும். "பாருங்க, உயிரு இருக்கு. நடிக்குது" என்பாய்.

நேற்று அந்தத் துள்ளலை நினைத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தேன். டேங்கிலிருந்து முள்ளுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, வண்டியின் இரும்போடு சேர்த்து ஒரு கிளிப் போட்டேன். நீ இருந்திருந்தால் உள்ளே உட்கார்ந்து "ஏறுது, ஏறுது" என்று கத்தியிருப்பாய். நானே வெளியே ஊர்ந்து வந்து, கதவைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. முள் மேலே ஏறி நின்றது. அப்படியானால் முள்ளும் நல்லது, ஒயரும் நல்லது. கோளாறு டேங்கில்.

டீசலைக் கேனில் வடித்துவிட்டு டேங்கைக் கீழே இறக்கினேன். உள்ளே டீசலோடு ஏறி இறங்கி முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவை; அதைத் தாங்கும் இரும்பு மூடி மேலே இருந்தது. அதன் ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கும் கீழே ஒரு தோல் வாஷர். மூடிக்கும் டேங்குக்கும் நடுவே வட்டமாக ஒரு தோல்.

மறந்தே போயிருந்தேன். லுங்கியில் டீசல் வாடை அடிக்கிறது என்று கடைக்காரர் கட்டைத் திருப்பி அனுப்பிய சமயம். மூடி கசிந்தது, ரப்பர் கிடைக்க நாளாகும் என்றார்கள். "நம்ம பக்கம் தோலுக்கா பஞ்சம்? ஒரு துண்டு எடுத்துக்கினு வாங்க" என்றாய். நீயே வெட்டினாய். "ஸ்க்ரூ மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு, அதுக்கும் ஒண்ணொண்ணு" என்று அதற்கும் வெட்டினாய். நான் முடுக்கினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை.

ஆனால் மிதவைக்கு எர்த் அந்த மூடி வழியாகத்தான் டேங்குக்குப் போக வேண்டும். தோல் கரண்டை விடாது. எல்லாப் பக்கமும் அழகாக அடைத்துவிட்டோம். பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் ஏதோ ஒரு ஸ்க்ரூ மூடியில் உரசியிருக்கிறது, முள் எழுந்திருக்கிறது. அதே வாரம் பேட்டரி மாற்றியதால், பாவம், அந்தப் பேட்டரிக் கடைக்காரரை எவ்வளவு திட்டினோம்!

டேங்க் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உன்னிடம் சொல்லத் திரும்பினேன். அங்கே டீசல் கேன்தான் இருந்தது.

மூடியைத் திறந்தால் புதிதாகப் போட வேண்டுமே என்று ரப்பர் வாங்கித்தான் வைத்திருந்தேன். தோலைச் சுரண்டி எடுக்கக் கத்தியையும் எடுத்தேன். விளிம்பில் ஓரிடத்தில் உன் கத்தரி வழி தப்பி வெளியே போய், மறுபடி உள்ளே வந்திருக்கிறது. அந்தக் கோணலைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மூடியிலிருந்து வண்டியின் சட்டத்துக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்தேன். தோல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. டேங்கை ஏற்றி, வடித்ததைத் திரும்ப ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். முள் நிதானமாக ஏறிப் பாதியைத் தாண்டி நின்றது. நீ கடைசியாகப் போட்ட டீசல்.

இன்று பாய் கூப்பிட்டார். "முள்ளு இன்னா ஆச்சு தம்பி?"

"இன்னும் சரியாவல பாய்."

"பேஜார் புடிச்ச வண்டிப்பா. சரி வுடு, அப்படியே குடு. நம்ம மெக்கானிக் பிரிச்சுப் பாத்துக்குவான்."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த மெக்கானிக் மூடியைத் திறப்பான். எவன்டா இதுல தோல் வெச்சவன் என்று சிரிப்பான். சிரிக்கட்டும், நானும்தான் சிரித்தேன். சிரித்துவிட்டு அதைத் தூக்கிக் குப்பையில் போடுவான். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

வண்டியைக் கொடுக்கப் போவதில்லை. அதை அவரிடம் சொல்லவும், அவர் ஏன் என்று கேட்டால் பதில் பேசவும் இன்றைக்குத் தெம்பில்லை. போனை அணைத்து வைத்துவிட்டேன்.