1955 ஓகஸ்ட் 12இல் நடவாதவை பற்றிய முறைப்பாடு

அனுப்புநர்:
க. மயில்வாகனம்,
பொறுப்பாளர் (சம்பளமின்றி),
வாசிகசாலை அருங்காட்சி அறை,
நெளுக்குளம், வவுனியா.

பெறுநர்:
காணிக் கோரிக்கைகளை விசாரிக்கும் அலுவலர் அவர்கள்,
வவுனியா.

விடயம்: திருமதி றஸ்மியாவின் புளியங்குளச் சந்திக் கடைக் காணிக் கோரிக்கை நிராகரிக்கப்படக் காரணமான திகதி என்னால் இட்டுக்கட்டப்பட்டது என்பது.

மதிப்புக்குரிய ஐயா,

1. எமது கணனியிலுள்ள பழைய படங்களின்படி, 1955 ஓகஸ்ட் 12ஆம் திகதி வன்னியில் வெள்ளம் வந்தது. அதே நாளில் குளங்கள் வற்றி வெடித்தன. நான்கு கலியாணங்கள் நடந்தன. யானை ஒன்று குழிக்குள் விழுந்தது. ஐயா, அன்றைக்கு நிச்சயமாக நடந்தது ஒன்றுதான்: நான் பிறந்தேன். மற்றவற்றை நாற்பத்தெட்டு வயதில் நானே நடத்திவைத்தேன்.

2. வீதி வேலைகளை மேற்பார்த்த, காலஞ்சென்ற ஓவசியர் ஒருவர் எடுத்த 312 படங்கள் ஒரு பெட்டியில் எமக்குக் கிடைத்தன. சென்ற வருடம் கணனியொன்றும் அன்பளிப்பாக வந்தது. படங்களை ஸ்கான் செய்து அதில் ஏற்றினேன். திரையில் கலண்டர் தெரியும். திகதியை அமர்த்தினால் அன்றைய படங்கள் வரும். ஆனால் திகதி இடாமல் எந்தப் படத்தையும் அது ஏற்காது. எனக்கு மனப்பாடமான திகதி என் பிறந்த நாள் மட்டுமே; 312 படங்களுக்கும் அதையே இட்டேன். கலியாணத் திகதி மனப்பாடமில்லை என்பதை என் மனைவி விமலேஸ்வரி எங்கேயும் சாட்சி சொல்லுவா.

3. வருகிறவர்களுக்கு அந்த நாளை அமர்த்திக் காட்டுவதில் எனக்குப் பெருமையும் இருந்தது. "நீங்கள் பிறந்த அண்டைக்கு இவ்வளவு அமளியெண்டால் உங்கட அம்மா ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்று விமலேஸ்வரி கேட்டபோதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

4. கடந்த சித்திரையில் றஸ்மியா தன் தாயார் ஜொஹறாவுடன் வந்தார். வழக்கம்போல என் பிறந்த நாளைக் காட்டினேன். ஒரு படத்தில் றஸ்மியா விரலை வைத்தார். "இது எங்கட வாப்பாட கடை. வாசல்ல நிக்கிறது நான். ஆறு வயசு." பெயர்ப்பலகையில் தகப்பனாரின் பெயர் பாறூக் என்று தெளிவாக இருந்தது. 1990இல் முஸ்லிம்கள் வடக்கைவிட்டு வெளியேற்றப்பட்டபோது காணிப் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டபடியால், அவருக்கு மிஞ்சிய ஒரே அத்தாட்சி அந்தப் படந்தான். பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதன் அடியில் கணனி என் பிறந்த நாளையும் அச்சடித்திருந்தது.

5. றஸ்மியா பிறந்தது 1968இல். "பிறக்கப் பதின்மூண்டு வருசத்துக்கு முந்தியே கடைவாசலில நிண்டனீங்களோ?" என்று தங்கள் விசாரணையில் கேட்கப்பட்டதாம். கேள்வி நியாயமானது. கோரிக்கை தள்ளுபடியானது.

6. அவர் திரும்பி வந்து சொன்னபோது, கணனி பிழை விட்டிருக்கும் என்றேன். அதுதான் இம்மனுவில் நான் ஒப்புக்கொள்ளும் குற்றங்களுள் கேவலமானது. "கணனி பிழை விடாதெண்டு சொல்லித் தந்ததே நீங்கதானே, அண்ணை. இடம்பெயர்ந்த இடத்தில உம்மா நினைவில சொல்லித்தான் என்ட பிறப்புப் பத்திரம் எடுத்தது. என்ட வயசுதான் பிழையாக்கும்" என்றார். தன் பிறந்த வருடத்தை 1949 என்று மாற்றுவதற்குப் படிவமும் நிரப்பி வைத்திருக்கிறார். மாற்றினால் தாய்க்கும் மகளுக்கும் நான்கு வயது வித்தியாசந்தான் இருக்கும். அதற்கும் அவர் தயார், ஐயா. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆகவே தங்களிடம் சொல்கிறேன்.

7. எனவே அந்தத் திகதியைத் தள்ளிவிட்டு, படத்தை மட்டும் பார்த்து, கோரிக்கையை மீண்டும் விசாரிக்கும்படியும், அவர் வயதை மாற்ற முன்னர் தடுக்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணையில் இம்மனுவை அவர் முன்னிலையில் வாசிக்கலாம். நான் வெளியே மரத்தடியில் நிற்பேன், கூப்பிட்டால் வருவேன்.

இடம்: நெளுக்குளம்
திகதி: 2004.07.19 (இது சரியான திகதி)

இங்ஙனம்,
தலைகுனிந்த
க. மயில்வாகனம்

இணைப்பு: ஓவசியரின் மூலப் படம்.

பி.கு.: இணைப்பதற்காகப் படத்தை இன்று கையில் எடுத்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் "புளியங்குளம் சந்தி, 6.4.1974" என்று எழுதியிருக்கிறது. மற்ற 311 படங்களின் பின்பக்கங்களிலும் திகதி உண்டு. ஸ்கான் செய்யும்போது படத்தைக் குப்புறத்தான், பின்பக்கம் மேலே தெரிய, வைக்க வேண்டும்.