மூன்றாவது வெளிச்சம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இன்று இரவு நடந்ததையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன். அம்மா வேண்டாம் என்றாள். "நடுக்கடல்ல இருக்கிற மனுஷன் இதத் தெரிஞ்சுகிட்டு என்ன பண்ணுவாரு?" என்றாள். நாங்களும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் பண்ணவில்லை, அப்பா. அதனால் எழுதுகிறேன்.

அக்காவுக்கு இன்று தேர்வு. மலை வழிகாட்டி வேலைக்கு எவ்வளவு நாளாகக் காத்திருந்தாள் என்று உங்களுக்கே தெரியும். குளிர்காலத்தில் ஓர் இரவு தனியாக மலையேறி, உச்சியில் இருக்கும் குடிலில் போய்த் தங்குபவரைத்தான் இங்குள்ள வழிகாட்டிகள் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்வார்கள். ஏறும்போது மூன்று இடங்களில் நின்று, தலையில் கட்டிய விளக்கை ஊர்ப்பக்கம் திருப்பி அணைத்து அணைத்து எரியவிட்டுக் காட்ட வேண்டும். தண்ணீர்த்தொட்டி வளைவு, ஒற்றைப்பாறை, கடைசியில் குடில் வாசல்.

கிளம்பும்போது ஒரே கும்மாளம். "ஏய் புத்தகப்புழு, நான் மேலேர்ந்து காட்டுறப்போ தலையக் கவுத்துப் படிச்சுகிட்டிருந்தே, கொன்னுடுவேன்" என்று என் காதைத் திருகினாள். அம்மா கம்பளி மேல் கம்பளியாக எடுத்து நீட்டினாள். "அம்மா, நான் ஏறப் போறேன், உருண்டு வரப் போறதில்ல" என்று அக்கா சிரித்தாள். அப்போது நானும் சிரித்தேன்.

தொட்டி வளைவிலிருந்து முதல் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. அம்மா கைதட்டினாள். பாறையிலிருந்து வந்த இரண்டாவது, மங்கலாகத்தான் தெரிந்தது. மேகம் மறைக்கிறது என்று பேசிக்கொண்டோம். பிறகு பனி கொட்ட ஆரம்பித்தது. மூன்றாவது இன்னும் வரவில்லை.

அம்மா வழிகாட்டிகள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அக்கா 'மீசை சார்' என்று கிண்டல் செய்வாளே, அந்த மூத்த வழிகாட்டிதான் எடுத்தார். "பனி சரியுற அபாயம் இருக்கும்மா. விடியாம ஒருத்தரையும் மேல அனுப்ப முடியாது. நானே பூட்ஸ மாட்டிகிட்டுதான் உக்காந்திருக்கேன்" என்றார். அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடிப்பாள் என்று நினைத்தேன். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா ஒவ்வொரு அறையாகப் போய் விளக்குகளைப் போட்டாள். குளியலறையைக்கூட விடவில்லை. அந்த நேரத்தில் மீசை சார் என்னிடம், தலைவிளக்கின் மாற்று பேட்டரியை அக்கா எங்கே வைத்திருந்தாள் என்று விசாரித்தார். பையின் வெளி ஜேபியில் என்று சொன்னேன். சட்டென்று கைக்குக் கிடைக்கட்டும் என்று அம்மாதான் அங்கே வைத்தாள். கடுங்குளிரில் பேட்டரி செத்துப்போகுமாம். உடம்பை ஒட்டி, சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டுமாம். "உங்க அக்காவுக்குத் தெரியும்மா. வழியில எடுத்து உள்ள வெச்சிருப்பா. அம்மாகிட்ட இதச் சொல்லாத" என்றார். வைத்திருப்பாள் அல்லவா, அப்பா?

அம்மா திரும்பி வந்து, "வழி தப்பியிருந்தாலும் இந்த வெளிச்சத்தப் பாத்து எறங்கி வந்துடுவா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஜன்னல் கண்ணாடியில் மலையே இல்லை. நானும், அம்மாவும், அடுப்புக்கு மேலே கொடியில் காயும் அக்காவின் சட்டையும்தான் தெரிந்தோம். விளக்கு எரிந்தால் அக்கா நம் வீட்டைப் பார்க்கலாம், ஆனால் அவள் காட்டும் வெளிச்சம் நமக்குத் தெரியாது. அணைத்தால் நாம் பார்க்கலாம், அவளுக்கு வீடு தெரியாது. அம்மாவிடம் சொன்னேன். "அணைச்சா அவ என்னடி நெனைப்பா? நம்மள விட்டுட்டுத் தூங்கிட்டாங்கன்னு நெனைக்க மாட்டாளா?" என்றாள். அதன் பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அம்மாவுக்கு எழுதும்போது பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். இன்னொன்று, அக்காவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். தேறிவிட்டாயா என்று கேட்டு எழுதுங்கள். இந்த வீட்டு முகவரிக்கே போடுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
சின்னவள்

பின்குறிப்பு: அம்மா இப்போது எழுந்துவிட்டாள். "போகட்டும், என்னைத் திட்டிக்கட்டும். நான் அவளப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே முன்னறை, படுக்கையறை, குளியலறை என்று ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வருகிறாள். சமையலறை மட்டும்தான் பாக்கி. கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்: விளக்கை அணைத்துவிட்டோம்.