நாலாவது பாட்டில் ஒரு சொல்

அக். 7, செவ்வாய்

வெயில். ஐப்பசி பிறக்க இன்னும் பத்துப் பதினோரு நாள். மேகம் என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை. அருப்புக்கோட்டையில் இறங்கி, பாலவனத்தம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். பஸ் முழுக்கத் தீபாவளித் துணிப்பைகள். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து அம்மா, "இது என்னத்தா, வீணையா?" என்றார். ஆமாம் என்றேன். ஊருக்குள் வருமுன்பே ஒரு பொய்.

செய்ய வேண்டியவை:
1. அப்பாவிடம் சொல்வது.
2. வேறெதுவும் இல்லை.

ஆல்பம் 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வெளியாகிறது. ஒன்பது பாட்டு. ராக். டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், என் குரல். சென்னையில் ஒரு வாடகை அறையில் மூன்று வருட வேலை. அப்பாவுக்குத் தெரிந்தது, மகள் பாட்டு போடுகிறாள் என்பது மட்டும். அப்பாவின் குரலைத் தெரியாத கிறிஸ்தவ வீடு இந்தப் பக்கத்து ஜில்லாக்களில் இருக்காது. பதினாறு கேசட். மேடை மேடையாய்க் கூட்டங்கள். இன்று கண்டக்டரின் போன் அடித்தது, ரிங்டோனும் அப்பாவின் குரல்தான்.

வீட்டுக்குள் கால் வைக்கும்போதே எஸ்தர் அத்தை போனை நீட்டினாள். (அப்பாவின் தங்கை. அம்மா போனபிறகு எங்களோடு.) சபை வாட்ஸப் குழு. அதில் பிரவீன் செய்த போஸ்டர். எங்கள் டிரம்மர் அவன். விளம்பர வேலையும் அவனே. அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில், 'அவருடைய மகளின் முதல் ஆல்பம்'. என் பெயர் அடியில், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போல. அதற்குக் கீழே வரிசையாக ஆமென், ஆமென், கூப்பிய கைகள்.

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இந்த வீட்டிலிருந்து ஆல்பம் வந்தால் அது வேறென்ன பாட்டாக இருக்க முடியும்?

அப்பா போதகரிடம் பேசி முடித்துவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிவில் ஆல்பத்தைப் பீடத்தில் வைத்து ஜெபம். எங்கள் சபையில் புது பைக்கின் சாவி, லோன் பேப்பர், பிளஸ் டூ ஹால் டிக்கெட் எல்லாம் அங்கே வைத்து எடுத்த பிறகுதான் உபயோகத்துக்கு வரும். அதன்பின் ஒரு பாட்டை ஒலிபெருக்கியில் போடுவார்களாம்.

"அம்மாவுக்குன்னு ஒண்ணு எழுதியிருக்கியாமே, போஸ்டர்ல போட்டிருக்கு. அதையே போடச் சொல்லிட்டேன்" என்றார் அப்பா. முகமெல்லாம் வெளிச்சம்.

நாலாவது பாட்டு.

அக். 8, புதன்

நாக்கு வறண்டு விழிப்பு. தண்ணீர் லாரி வந்திருந்தது. ஆறு குடம்.

நாலாவது பாட்டைப் பற்றி இங்கே ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். அம்மா இறந்து ஆறு வருடம். மதுரையில் ஆஸ்பத்திரி, மதியம் மூன்று நாற்பது. அப்பா அப்போது தூத்துக்குடிப் பக்கம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்தார். அத்தை போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்துதான் அவருக்குத் தெரிந்தது. அவர் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை இது. நானும் இதைத்தான் சொல்வேன்.

பாட்டு:
நீ மேடையில் பாட்டில் இருந்தாய்
அவள் மூச்சை விட்டிருந்தாள்
உனக்குத் தெரியாது

'உனக்குத் தெரியாது' பதினோரு முறை. கடைசி நான்கும் கத்தல்.

கோபத்தில் எழுதியதாக ஞாபகம். இன்று நோட்டில் படித்தால் அப்படி இல்லை. தெரியாது என்று சொல்லிச் சொல்லியே அவரைத் தப்பவிட்டிருக்கிறேன்.

எதற்குப் பயம் என்று எழுதிப் பார்க்கிறேன்.
— அடிப்பார் என்றல்ல. அடித்ததே இல்லை.
— அழுவார்.
— அழமாட்டார்.
— சபையில் அத்தனை பேர் முன்னால் முதல்முறையாகக் கேட்பார். எழுந்து போகவும் முடியாது அவரால்.
— பாட்டு நன்றாக இல்லை என்பார். (மனதில் முதலில் வந்தது இதுதான். கடைசியாக எழுதுகிறேன்.)

மத்தியானம் முழுக்க அப்பா போனில். சாத்தூர், நாசரேத், நாகர்கோவில். "ஆமாய்யா, எம் மகதான். வெள்ளிக்கிழமை வருது. எல்லார்ட்டயும் சொல்லுங்க." மூன்று முறை அறை வாசல் வரை போனேன். மூன்று முறையும் புன்னகை செய்துவிட்டு வந்தேன்.

அக். 9, வியாழன்

திருச்சுழிப் பக்கம் ஒரு அடக்கம். அப்பாவைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டியில் பின்னால் நான். உழுது போட்ட கரிசல், விதை விழாமல். இரண்டு பக்கமும் சீமைக்கருவை. வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காற்றில் கேட்காது என்று சமாதானம்.

கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பிரபலமான பாட்டைத்தான் கேட்டார்கள். எந்த அடக்கத்திலும் அதுதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கியதும், அதுவரை பந்தல் வாடகையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு மருமகன்களும் அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அந்தக் குரலில் நம்பிக்கை போய் வெகுகாலம். ஆனாலும் உடம்பு கேட்கவில்லை.

திரும்பும்போது டீக்கடை. சொன்னேன். அதாவது பாதி சொன்னேன். "அப்பா, அது கொஞ்சம் சத்தமா இருக்கும்."

"சத்தமில்லாம கெம்பீரம் ஏது?" என்று சிரித்து, எனக்கு இன்னொரு வடை வாங்கிக் கொடுத்தார்.

வடையைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டேன்.

அக். 10, வெள்ளி

பிரவீனுடன் போன். நாலாவது பாட்டை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். எடுக்கலாம், மாற்றலாம், எதுவானாலும் திங்கள் மாலை ஆறுக்குள், அதற்குமேல் கடவுளே வந்தாலும் முடியாது என்றான். பிறகு, மற்ற எட்டும் பாட்டு, அது ஒன்றுதான் ஆல்பம் என்றான். எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

அப்பா டவுனுக்குப் போயிருந்தார், எனக்குச் சேலை எடுக்க. ஞாயிறு கட்டுவதற்கு.

அறையில் மடிக்கணினியில் பாட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்ட வந்த அத்தை துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். முழுதும் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். இல்லை. மெதுவாக, "ஒங்கிட்ட யாரும் எதும் சொன்னாகளா பாப்பா?" என்றாள்.

யார்? என்ன?

"ஒண்ணுமில்ல. இதை எடுத்துரு. அண்ணன் காதுல விழ வேண்டாம்."

கூட்டாமலே போய்விட்டாள். குப்பை பாதி அறையில் கிடக்கிறது. அவள் கண்ணில் பார்த்தது கோபம் இல்லை. என்னுடையதைப் போன்ற ஒன்று.

சேலை நீலம். நன்றாக இருக்கிறது.

அக். 11, சனி

காலை பத்து. அப்பா பனியனோடு ஆர்மோனியத்துக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். "நாளைக்கு முன்னாடி நீங்க கேக்கணும்" என்றேன். ஓடவிட்டேன். கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஒன்பது பாட்டும் முப்பத்தெட்டு நிமிடம் என்று கணக்கு. கொடியில் காய்ந்த துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்து மடித்தேன். ஐம்பது நிமிடமாகியும் அவர் எழுந்து வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நாலாவது பாட்டை மறுபடி போட்டிருந்தார். முதுகு தெரிந்தது. முதுகில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்து தண்ணீர் குடித்தார். "டிரம்ஸ் யாரு?"

பிரவீன் என்றேன்.

"நல்லா அடிக்கிறான். அவசரமில்ல."

குளித்தார். சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

பிறகு எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். அத்தை நின்றுகொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு ரெண்டாவது பாட்டு முடிஞ்சிருச்சும்மா. தண்ணி குடிக்கக் கீழ எறங்குனேன். போனு அடிச்சுச்சு. எடுத்தேன். எஸ்தரு சொன்னா."

அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு வந்திருந்தாக. நடக்க ஏலாதவுக, சின்னப் பிள்ளைக. சொகம் கெடைக்கும்னு ஒக்காந்திருக்கவுக முன்னால போய், எம் பொண்டாட்டி செத்துட்டான்னு எப்பிடிச் சொல்ல? மேடையேறிட்டேன். மூணாவதும் பாடுனேன்."

முடிந்தது என்று நினைத்தேன்.

"அன்னிக்குப் பாடுன மாரி முன்னாலயும் பாடுனதில்ல, பெறகும் பாடுனதில்ல. அன்னிக்கு ரெக்கார்டு பண்ணதுதான் இப்ப எல்லாரு போன்லயும் கெடக்கு."

அந்தப் பாட்டு. அடக்கங்களில் பாடச் சொல்லும் பாட்டு. ஊரெல்லாம் அழுவது எதைக் கேட்டு என்று இன்றுதான் எனக்குத் தெரிகிறது. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஆறு வருடமாகத் தெரியும்.

"தெரியாதுன்னு பாடாதம்மா. தெரியும்னு பாடு."

இதுவரை இருந்த பயமெல்லாம் சின்னது. அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். இது வேறு. மற்றவர்களுக்கு அவரைத் தெரிந்துவிடும். அதுவும் என் வாயால்.

அக். 12, ஞாயிறு

நீலச் சேலை. பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. போதகர் அப்பாவை முன்னே அழைத்தார். இங்கேயே சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன்.

"பாட்டுல ஒரு தப்பு இருக்கு" என்றார் அப்பா. "எம் மக மேல தப்பில்ல, நான் சொல்லிக் குடுக்காம விட்டது. திருத்திட்டு வருது. வெள்ளிக்கெழமை எல்லாரும் அவுகவுக போன்ல கேளுங்க."

ஆமென் என்றார்கள். அவ்வளவு பேரும். பெரிய பாடகர், மகளின் சுருதியில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். வாசலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "ஒங்கப்பா காதுக்குத் தப்புமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை கேட்பார்கள். இந்த அக்காவும் கேட்பார்.

வீட்டில் அத்தை வெடித்தாள். டிசம்பருக்குப் பதினான்கு கூட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது, அப்புறம் ஒருத்தன் கூப்பிடுவானா என்றாள். "போனு கெடைக்கலன்னு ஊரெல்லாம் பொய் சொன்னது நானு. பாவம் எந் தலையில. ஒனக்கு எதுக்குண்ணே இப்ப?"

அப்பா சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டையே எடுத்துவிடுகிறேன் என்றேன். மன்றாடினேன் என்றுதான் எழுத வேண்டும். மூன்று வருடம் யாரைக் குற்றம் சொல்ல அலைந்தேனோ, அவரிடமே.

"எடுத்தா நீ பயந்துட்டேன்னு ஆகும். அப்பிடியே விட்டா நான் பயந்துட்டேன்னு ஆகும்" என்றார். பிறகு, "எனக்குப் போதும்மா. ஒவ்வொரு அடக்கத்துலயும் அதைப் பாடச் சொல்றாக" என்றார்.

அக். 13, திங்கள்

மேற்கே மேகம். இறங்கவில்லை.

பிரவீன் என் குரல் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் காலை அனுப்பிவிட்டான். ஏன் என்று கேட்கவில்லை. மதியம் மூன்றுக்கு அறையைத் தயார் செய்தேன். ஜன்னலில் போர்வை. எதிரொலி அடங்க அத்தையின் பீரோவைத் திறந்து வைத்தேன், சேலைகள் தெரியும்படி. மின்விசிறி நிறுத்தம். பத்து நிமிடத்தில் வேர்வை கண்ணில்.

அப்பா கட்டிலில், எனக்கு நேர் எதிரே. வெளியே போகச் சொன்னேன். போகவில்லை.

தெரியும் என்பது சின்னச் சொல். 'தெரியாது' நிறைத்த இடத்தை அது நிறைக்கவில்லை, தாளத்தில் ஒரு தட்டு மிஞ்சுகிறது. இழுத்துப் பாடிப் பார்த்தேன்.

"நீட்டாத. அந்த எடம் சும்மா கெடக்கட்டும்."

முதல் பதிவு: குரலே இல்லை.
இரண்டு: அழுகை. பயனில்லை.
மூன்று: "முழுங்குற. கேக்குறவுகளுக்கு வெளங்கணும்ல."
நான்கு: வெளியே அத்தை பாத்திரம் போட்டாள். வேண்டுமென்றே.
ஐந்து: சுவரைப் பார்த்துப் பாடினேன். நன்றாக வந்தது. அப்பா தலையை அசைத்து மறுத்தார். "என்னையப் பாத்துப் பாடு."

ஆறாவது. பார்த்துப் பாடினேன். உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அவர் கண்ணை மூடவில்லை. கடைசி நான்கையும் கத்தும்போது ஒரு கையால் பீரோவைப் பிடித்துக்கொண்டேன். பதினொன்றும் முடிந்தது.

5.40. ஹெட்போனில் போட்டுப் பார்த்தேன். சுத்தம். பத்தாவது வரை அந்தக் காலி இடங்களில் ஒன்றும் இல்லை. பதினோராவதில் ஏதோ இருக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். அப்பாவின் மூச்சு. மைக்கில் விழுந்திருக்கிறது. பாடப் போகிறவர் இழுக்கும் மூச்சு, பிறகு பாடவில்லை.

அவரிடம் கொடுத்தேன். கேட்டார். அழிக்கவா என்று கேட்டேன்.

ஹெட்போனைக் கழற்றாமல், பதினோராவதை மறுபடி போட்டார்.

5.52. அந்த மூச்சோடே அனுப்பிவிட்டேன்.