இடது கைக்காரனின் துப்பாக்கிகள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் நாலு துப்பாக்கியைக் கிழடாக்கினேன். வினிகரும் இரும்பு நாரும் தான் என் ஆயுதம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய, லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற அமெரிக்கத் துப்பாக்கியை எங்கள் பட்டறையில் அச்சு அசலாகச் செய்கிறார்கள். பளபளவென்று வருவதை, எவனோ ஆயுசு முழுக்கத் தூக்கிச் சுமந்தது போல நான் தேய்த்துக் கொடுக்கிறேன். காசு கொடுத்துப் பழசை வாங்க அங்கே ஆள் இருக்கிறது. நமக்கென்ன.

மத்தியானம் முதலாளி எர்மெஸ் வந்து நின்றார். அமெரிக்காவில் வாங்குகிறவர் எழுதியிருக்கிறாராம்.

"எல்லாத்தையும் ஒரே ஆளு தூக்கிட்டு அலைஞ்ச மாதிரி இருக்காம், டெல்ஃபீனா. அதுவும் இடது கைக்காரனாம்."

சொல்லிவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் யார் இடது கைக்காரன் என்று அவருக்குத் தெரியாதா?

பிப்ரவரி 4

வலது கைக்குத் தேய்த்துப் பார்த்தேன். கை போகமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

என் இடது கைக்காரப் புருஷன் போர்த்தொலோ போன நவம்பரில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனான். வரவில்லை. தேடினார்கள், பனி விழுந்தது, நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு முந்தின வாரம் டாக்டர் சொல்லியிருந்தார், கை நடுக்கம் இனிக் கூடத்தான் செய்யும், துப்பாக்கி லைசென்ஸுக்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று. புறப்படும்போது அவன் சொன்னான், "இந்தத் தடவையோட சரி, டெல்ஃபீனா."

எது சரி? வேட்டையா? நானா? எல்லாமேவா? அடுப்பில் போலெந்தா களி அடிபிடித்துவிடும் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கறிக்கடைக்காரி காசு வாங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பாதிரியார் வேண்டிக்கொள்கிறேன் என்கிறார், எதற்காக என்று சொல்வதில்லை. துப்பாக்கியோடு போனவன், வியாதிக்காரன், திரும்பவில்லை. கணக்குப் போட்டுவிட்டார்கள்.

நான் மட்டும் போடவில்லையா?

பிப்ரவரி 16, ஞாயிறு

சூப்பை இறக்கும் நேரம். வாசலில் லீவர் சத்தம். சடக், சடக்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. பட்டறையில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான், காதிலேயே தங்கிவிட்டிருக்கும். ஆனால் அவனும் இப்படித்தான் செய்வான். மலைமேல் மாதா மாடத்தருகே துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுத்தான் இறங்குவான். அப்புறமும் வாசலில் நின்று எனக்காக லீவரை ஒரு தரம் இழுத்துக் காட்டுவான். "பாத்துக்க, காலி."

போகும்போது தோட்டாவை ஒவ்வொன்றாக இடுப்பு வாரில் செருகிக்கொண்டு போகிற மனுஷன், வரும்போது மட்டும் கோட்டுப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவான். குளிரில் விரல் மரத்துப் போகிறதாம். இரண்டு தடவை சலவை இயந்திரத்துக்குள் தோட்டா போய் உருண்டிருக்கிறது. கத்தியிருக்கிறேன், கேட்டால்தானே.

மார்ச் 2, ஞாயிறு

மறுபடியும் அதே சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டு ரேடியோவைப் போட்டேன். அதையும் மீறிக் கேட்டது.

மார்ச் 16, ஞாயிறு

நிவேஸ் வந்திருந்தாள். பிரெஷா நகரத்துக்கு வந்து தன்னோடு இரு என்கிறாள். ராத்திரி படுக்கப் போகும்போது வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வருவாருன்னுதான் தாழ் போடாம வெச்சிருக்கியாம்மா?"

தாழ் இறுகிக்கிடக்கிறது என்று சொன்னேன். என் மகள், நம்பியது போல நடித்தாள்.

ஏப்ரல் 24

பனி உருகிவிட்டது. மாதா மாடத்துக்குக் கீழே, ஓடைப் பள்ளத்தில். ஆடு மேய்க்கிற பெண் பார்த்திருக்கிறாள்.

அவன்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

காவல் நிலையத்துக்கு நிவேஸும் நானும் போனோம். மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கியை வைத்திருந்தார்கள். ஒரே துரு. இடது பக்கம் அவன் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடத்தில்தான் துரு ஆழமாக இறங்கியிருந்தது. எத்தனை துப்பாக்கியில் அந்த இடத்தைத் தேய்த்திருப்பேன். விரலை வைத்தேன், சரியாகப் பொருந்தியது.

அதிகாரி லோரிஸை அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து தெரியும். கேட்க வந்ததைக் கேட்டேன். சுட்டிருக்கானா?

"துப்பாக்கி காலியா இருந்துச்சும்மா. உள்ள ஒண்ணுமில்ல."

விடாமல் கேட்டேன். வாரில்?

"வார்லயும் இல்ல."

அவ்வளவுதான், தோட்டா இல்லையென்றால் சுட்டிருக்கிறான், ஊர் சொன்னதுதான் நிஜம் என்று நினைத்தேன். நிவேஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். லோரிஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்தான்.

"எல்லாம் கோட்டுப் பையில கிடந்துச்சு. ஒண்ணுகூட சுடல. பள்ளத்துல கால் வழுக்கியிருக்கும்மா."

நான் சிரித்தேன். லோரிஸ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினான். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

வந்துகிட்டிருந்திருக்கான். உசிரை விடப் போனவன் இல்ல, சும்மா எப்பவும் போல, பையில அள்ளிப் போட்டுக்கிட்டு, சாப்பிட வந்துகிட்டிருந்திருக்கான். அட பாவி மனுஷா. அஞ்சு மாசமா உன்னைப் பத்தி நான் என்னவெல்லாம் நினைச்சேன்.

மே 11, ஞாயிறு

சூப் நேரத்தில் கேட்டது. கேட்கட்டும். காலி என்று எனக்குத் தெரியும்.

மே 19, திங்கள்

அவன் துப்பாக்கி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்று தேய்த்த துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் வலது கைக்காரன். கட்டை விரல் தடிமன். எண்ணெய் போடச் சோம்பேறி, சேணத்தில் உரசி உரசி ஒரு பக்கமே போய்விட்டது. எர்மெஸ் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இவன்?"

"யாரோ. எனக்குத் தெரிஞ்ச ஆளு இல்ல."

வீட்டுக்கு வந்து வாசல் தாழுக்கு எண்ணெய் விட்டேன். நிஜமாகவே இறுகித்தான் கிடந்திருக்கிறது. இரண்டு தரம் ஆட்டியதும் இறங்கியது. போட்டுவிட்டு வந்து படுத்தேன்.