நாய் என்றால் மரணம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பா, தங்கை, நான் மூன்று பேரும் நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், போன தடவை அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டித் தெரிந்தாலும். போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். எங்கள் அச்சகத்தில் பரீட்சைக்குக் கைடு போடுகிறோம் அல்லவா, அதில் இந்த வருஷம் ஒரு பழைய அமெரிக்கக் கவிதை. ஒரு கிழவர் கையில் விளக்கோடும் பின்னால் நாயோடும் உடைந்த பாலம்வரை நடந்துபோகிறார், அவ்வளவுதான். ஆனால் பாடப்புத்தகத்துக்குள் வந்துவிட்டால் எதுவும் அதுவாக இருக்கக் கூடாதே! விளக்கு என்றால் நம்பிக்கை, நாய் என்றால் விசுவாசம், பாலம் என்றால் மரணம் என்று பேராசிரியர் அட்டவணை எழுதித் தந்தார். பக்கம் அமைக்கிற அவசரத்தில் நான் விளக்குக்கு எதிரே இருந்த நம்பிக்கையை வெட்டிவிட்டேன், கீழே இருந்தவை ஆளுக்கொரு கட்டம் மேலே ஏறிக்கொண்டன, கடைசிக் கட்டம் காலியாக நின்றது, கையில் மிஞ்சிய நம்பிக்கையை அங்கே ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆக, நாய் மரணமாகிவிட்டது, அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிற மரணம். பிள்ளைகள் அத்தனை பேரும் அதை நெட்டுருப் போட்டு எழுதினார்கள், திருத்துகிறவர்களும் எங்கள் கைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திருத்தினார்கள் போல, மதிப்பெண்ணை வாரி வழங்கிவிட்டார்கள்.

உன் தங்கை மட்டும், அம்மா போட்ட கைடை நான் எதுக்குத் தொடணும் என்று கவிதையையே உட்கார்ந்து படித்து, நாய்தான் அந்த மனுஷனுக்கு மிஞ்சின ஒரே துணை என்று சொந்தமாக எழுதினாள். பத்துக்கு இரண்டு. இலக்கியம்தான் படிப்பேன் என்று நின்றவள், எனக்கு இலக்கியமெல்லாம் வராதும்மா, கணக்கியலே படிச்சுக்கறேன் என்று புத்தகத்தை அலமாரி மேலே தூக்கிப் போட்டுவிட்டாள். மாதக் கடைசியில் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம்தான் கைடைப் புரட்டி என் தப்பைக் கண்டுபிடித்து, பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கண்ணை மூடி யோசித்தவர், மரணமும் நம்ம பின்னாலேயே வர்றதுதானே, இது புதுப் பார்வையா இருக்கே என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிட்டார். முதலாளியோ, மூணாவது பதிப்பு ஓடிக்கிட்டிருக்கு, கைடுல இருக்கறதுதான் சரி, வாயைத் திறந்தா வேலைக்கு வர வேண்டாம் என்றார். நானும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்த உன் அப்பா மட்டும், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் இது எதோட குறியீடு என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்.

நேற்று மாலை உன் தங்கையை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தாம்தூம் என்று குதிப்பாள் என்று பயந்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், அப்போ எனக்குக் கவிதை புரிஞ்சுதான் இருக்காம்மா என்று. ஆமாம் என்றேன். நம்பாமல் திரும்பவும் கேட்டாள். அழுதது நான்தான். தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரம் என் எதிரிலேயே சாப்பிட்டு எழுந்து போனாள், என் வேலைக்காக நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இன்று காலை மறுமதிப்பீட்டு மனுவோடு என் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேராசிரியரின் அசல் அட்டவணையையும் இணைத்து அனுப்பிவிட்டேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன், ஆகவே நாளையிலிருந்து அம்மா வீட்டில்தான், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, கண்ணு. ஒன்றை மறக்காதே, மாதக் கடைசிக்குள் தங்கையைக் கூப்பிடு, மதிப்பெண் பேச்சே எடுக்காமல் அந்தக் கவிதையை உனக்குச் சொல்லித்தரச் சொல். அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று நீ சொல். நான் சொன்னால் இனிமேல் உடனே நம்ப மாட்டாள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா